படைக்கலமும் உடைக்கலையும்: தகடூர் நாட்டை நிலைக்களனாகக் கொண்ட ஒரு திறனாய்வு

முன்னுரை

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகச் சென்ற ஒளவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பதும், அப்பொழுது அவர் பாடியதே இப்பாட்டு என்பதும் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பால் அறியப்படும். பழிப்பது போலப் புகழ்தலுக்கும், புகழ்வது போலப் பழித்தலுக்கும் இதனை எடுத்துக்காட்டாக வகுப்பறைகளில் ஓதுகின்றோம். அது தக்கதே. ஆயினும் இப்பாட்டினுள் மற்றொரு வினாவும் அடங்கியுள்ளது. படைக்கலத்தின் அழகு அதன்மேல் ஏற்றிய ஒப்பனையில் உள்ளதா, அன்றி அது செய்த தொழிலில் உள்ளதா என்பதே அவ்வினா.

இவ்வினா இன்று புதியதொரு துறையில் எழுந்துள்ளது. பழைய வாள், கவசம், கேடயம் முதலியவற்றை நோக்கி உடை வகுக்கும் கலைஞர் பலர் மேலைநாடுகளிலும் கீழைநாடுகளிலும் தோன்றியுள்ளனர். அன்றாடம் உடுத்தற்கும் கடையில் விற்றற்கும் அன்றி, உடை என்பது யாது என வினவுவதற்காகவே ஆக்கப்படும் இவ்வகை உடைகளைப் புதுநெறி உடைக்கலை என ஈண்டு வழங்குவோம். இக்கலையை மதிப்பிடுதற்குத் தமிழ் இலக்கியம் ஓர் அளவுகோல் தரும் என்பதும், அவ்வளவுகோல் பிறந்த நிலமாகிய தகடூர் நாட்டிலேயே அதனைப் பயன்படுத்தற்குரிய தேவை இன்று எழுந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

இரண்டு கொட்டில்கள்

ஒளவையார் இரண்டு படைக்கலத் தொகுதிகளை எதிரெதிரே நிறுத்துகின்றார். ஒன்று தொண்டைமானுடையது: மயிற்பீலி சூட்டப்பெற்றது, மாலை புனைந்தது, காம்பு திருத்தப்பெற்றது, நெய் பூசப்பெற்றது, காவலுடைய மனையில் வைக்கப்பெற்றது. மற்றொன்று அதியமானுடையது: பகைவரைக் குத்தி நுனி முறிந்தது, மூட்டு சிதைந்தது, கொல்லனது சிறிய உலைக்கூடத்தில் எப்பொழுதும் கிடப்பது.

இவ்விரண்டையும் கூர்ந்து நோக்கின், புலவர் வெறுமனே புதுமையையும் பழமையையும் ஒப்பிடவில்லை என்பது புலனாகும். தொண்டைமானின் வேலில் வேலுக்கு உரியதல்லாத பொருள்கள் மிகுதி. பீலி மயிலுக்கு உரியது. மாலை பூவுக்கு உரியது. அதியமானின் வேலிலோ புறப்பொருள் ஒன்றும் இல்லை. அதன் வடு அதன் தொழிலிலிருந்தே பிறந்தது. அழகு வெளியிலிருந்து ஏற்றப்படுவதற்கும் உள்ளிருந்து தோன்றுவதற்கும் உள்ள வேற்றுமையே இப்பாட்டின் உயிர்நிலை எனலாம்.

இக்கருத்து இப்பாட்டிற்கு மட்டும் உரியதன்று. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காட்டும் இடத்தும் (புறம். 13) புலித்தோற் கவசம் கூறப்படுகின்றது. ஆங்கும் புலவர் கண்ணில் படுவது கவசத்தின் பளபளப்பு அன்று. பகைவர் அம்பு கிழித்த சிதைவேயாகும். சங்கப் புலவர்க்குச் சிதைவும் ஓர் அணி என்பது இதனாற் பெறப்படும்.

ஒருவர் ஈண்டு ஒரு தடை எழுப்பலாம். கொலைக்கருவியின் வடுவை அழகென்பது கொலையைப் போற்றுதல் ஆகாதோ என்பார் அவர். ஒளவையார் தூது சென்றது போரை விலக்குதற்கே என்பதை நினைத்தல் வேண்டும். பீலி சூட்டிய வேல் போரின் விலையை மறைக்கின்றது. முறிந்த வேல் அதனை வெளிப்படுத்துகின்றது. எனவே ஒப்பனையை இகழ்ந்த அப்பாட்டு, அழகு பற்றிய தீர்ப்பாதலோடு அறம் பற்றிய தீர்ப்பாகவும் நிற்கின்றது.

சொற்கள் காட்டும் உறவு

படையும் உடையும் தமிழில் தொலைவான பொருள்கள் அல்ல என்பதைச் சொற்களே காட்டுகின்றன. ‘தோல்’ என்பது உடலைப் போர்த்த தோலையும் குறிக்கும், கேடயத்தையும் குறிக்கும். ‘உறை’ வாளுக்கும் உண்டு. பிற பொருள்களைப் போர்ப்பனவற்றுக்கும் உண்டு. ‘கச்சு’ என்பது வீரன் இடையிற் கட்டும் வாரையும் மகளிர் மார்பில் அணியும் ஆடையையும் ஒருங்கே உணர்த்தும். பதிற்றுப்பத்தில் வழங்கும் ‘மெய்ம்மறை’ என்னும் சொல் கவசத்தைக் குறிப்பதாயினும், அதன் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் கொள்வார்க்கு ஆடை என்னும் பொருளும் தோன்றுவது இயல்பே. அச்சொல்லை மன்னனுக்கே ஏற்றி, அவன் தன் வீரர்க்குக் கவசம் போன்றவன் எனப் புலவர் கூறினர். உடலைக் காப்பதும் உடலுக்குப் பொருள் தருவதும் ஒரு தொழிலின் இரண்டு கூறுகள் என்னும் எண்ணம் இச்சொற்களின் அடியில் நிற்கின்றது.

பிறநாட்டுக் கவச உடைகள்

இனி, ஒளவையார் தந்த அளவுகோலைப் புதுநெறி உடைக்கலைக்கு இட்டுப் பார்ப்போம். இத்துறையில் பெரிதும் பேசப்படுவது 1966-ஆம் ஆண்டு பாரிசு நகரில் பாக்கோ ரபான் காட்டிய பன்னிரண்டு ஆடைகளின் தொகுதியாகும். தற்காலப் பொருள்களால் ஆகிய, அணிய இயலாத ஆடைகள் என்றே அவர் அவற்றிற்குப் பெயரிட்டார். கட்டடக்கலை பயின்ற அவர், ஊசியையும் நூலையும் விடுத்துக் குறட்டைக் கையில் எடுத்தார். தகடுகளைச் சிறு வளையங்களால் கோத்து உடையாக்கினார். பின்னர் உலோகத் தகடுகளாலும் வளையங்களாலும் அம்முறையை வளர்த்தார். இடைக்கால வீரர் அணிந்த சங்கிலிக் கவசத்தின் உருவத்தை அவர் துணியில் வரையவில்லை. அதனைச் செய்யும் முறையையே எடுத்துக்கொண்டார். கவசத்தில் துணி இல்லை, தையல் இல்லை, உள்ளது கோப்பு மட்டுமே என்னும் உண்மையை உணர்ந்து, உடையும் அங்ஙனம் அமையலாம் என்று காட்டினார். இவர் உடைக்கலைஞர் அல்லர், உலோகத் தொழிலாளர் என்று கோக்கோ ஷனேல் இகழ்ந்ததாகக் கூறுவர். கொல்லனது உலைக்கூடத்தையே உயர்ந்த இடமாகக் கண்ட ஒளவையார் நெறியில் நோக்கின், அவ்விகழ்ச்சி புகழ்ச்சியாதல் காண்க.

இரண்டாவது எடுத்துக்காட்டு சப்பானியக் கலைஞர் இசே மியாக்கேயினுடையது. பிரம்பும் மூங்கிலும் கொண்டு அவர் ஆக்குவித்த மார்புக்கவசம் போன்ற உடை, 1982-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ‘ஆர்ட்ஃபோரம்’ என்னும் அமெரிக்கக் கலையிதழின் மேலட்டையில் இடம்பெற்றது. சப்பானிய மறவரின் பழங்கவசம், சிறு தகடுகளை நிரல்பட அடுக்கிக் கயிற்றாற் பிணித்த அமைப்பினது. மியாக்கே அந்நிரலமைப்பைக் கொண்டார்; இரும்பை நீக்கினார்; மூங்கிற்றொழில் வல்லார் ஒருவரின் கைவினையை அதன் இடத்தில் வைத்தார். கவசத்தின் வன்மை போயிற்று. கவசத்தின் ஒழுங்கு நின்றது. உடலுக்கும் உடைக்கும் இடையே உள்ள வெளியைக் கவசம் எங்ஙனம் ஆள்கின்றது என்பதை அவ்வுடை காட்டிற்று. ரபான் கோப்பைக் கொண்டார் எனின், மியாக்கே கோப்போடு இடைவெளியையும் கொண்டார் எனலாம். இவ்வகையில் மியாக்கேயின் ஆக்கம் ஒருபடி மேற்பட்டது என்பது என் கருத்து.

மூன்றாவது, ஆங்கிலக் கலைஞர் அலெக்சாண்டர் மெக்குயீன் 1998-இல் இலண்டனில் காட்டிய ‘ஜோன்’ என்னும் தொகுதி. போர்க்கவசம் பூண்டு படை நடத்தி, 1431-இல் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் நினைவு அதன் பெயரிலேயே உள்ளது. சங்கிலிக் கவசத்தை ஒத்த உடைகள் அதில் இடம்பெற்றன. முடிவில் செவ்வுடை அணிந்து முகம் மறைத்து நின்ற பெண்ணைச் சூழ்ந்து தீ எழுந்தது. ஈண்டுக் கவசம் வெற்றியின் அடையாளம் அன்று. தன்னை அணிந்தவளைக் காக்க இயலாமற்போன பொருள். முறிந்த வேலைப் பாடிய நெறிக்கு இது நெருங்கியது. ஆயினும் தீயும் மேடையும் உடையினும் மிகுதியாகப் பேசுகின்றன என்னும் குறை அதற்கு உண்டு. பொருள் தானே பேசவேண்டிய இடத்தில் காட்சி பேசுமாயின், பீலியும் மாலையும் வேறு உருவில் மீண்டன என்றே கொள்ளல் வேண்டும்.

இந்தியாவிற்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. ரபான் தோற்றுவித்த நிறுவனத்தின் ஆக்கத்துறைக்கு 2011-இல் மனீஷ் அரோரா என்னும் இந்தியக் கலைஞர் தலைமை ஏற்று, அடுத்த ஆண்டு விலகினார். நிறச்செறிவாலும் அணிச்செறிவாலும் அறியப்பட்ட அவரை, கோப்பொன்றையே நம்பிய ஒரு மரபு அழைத்தது எண்ணத்தக்கது. ஒப்பனைக்கும் அமைப்புக்கும் உள்ள பழைய வழக்கு இன்னும் தீர்ந்திலது என்பதற்கு அது ஒரு சான்று.

ஐம்படைத்தாலி

மேற்கூறியவற்றால், ஒப்பனையைக் கொள்வது கீழ், அமைப்பைக் கொள்வது மேல் என்னும் முடிவு கிடைக்கின்றது. எனினும் இதனோடு நின்றுவிட இயலாது. படைக்கலத்தின் உருவத்தை அணியாக்கிய ஒரு பெருமரபு தமிழகத்திலேயே உண்டு. சங்கு, ஆழி, தண்டு, வாள், வில் என்னும் ஐந்தின் உருவையும் சிறியவாகச் செய்து குழந்தையின் கழுத்தில் அணிவித்த ஐம்படைத்தாலியே அது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் இளமையிலேயே போர்க்களம் புக்கதை இடைக்குன்றூர் கிழார் பாடும்போது (புறம். 77), கிண்கிணி நீக்கிக் கழல் அணிந்தான் என்றும், தாலியை இன்னும் களையவில்லை என்றும் குறிக்கின்றார். அத்தாலியை ஐம்படைத்தாலி என உரைகாரர் கொள்வர். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், மழலை பேசும் சிறுவர் வாயினின்று ஒழுகும் நீர் அவ்வைம்படையை நனைக்கின்றது.

இது வெறும் உருவப்போலி அன்றோ, தொண்டைமானின் பீலியினும் இஃது எங்ஙனம் உயர்ந்தது எனின், கூறுவோம். ஐம்படைத்தாலியில் படையின் அளவு மாறியது, இடம் மாறியது, தொழிலும் மாறியது. கொல்லுதற்குரிய கருவி காத்தற்குரிய பொருளாயிற்று. குருதி படவேண்டிய வாளில் குழந்தையின் வாய்நீர் படுகின்றது. மணிமேகலை ஆசிரியர் இம்மாற்றத்தை ஒரு நொடிக் காட்சியில் நிறுத்திவிட்டார். பீலியோ வேலின் தொழிலை மாற்றவில்லை. மறைக்க மட்டுமே செய்தது.

எனவே படைக்கலத்தினின்று உடையும் அணியும் பிறக்கும் நெறி மூன்றாகும். தோற்றத்தை மட்டும் கொள்வது முதல் நெறி. அமைப்பைக் கொள்வது இரண்டாவது. தொழிலையே மாற்றிக் கொள்வது மூன்றாவது. முதல் நெறி இழிந்தது, இரண்டாவது உயர்ந்தது, மூன்றாவது அரியது.

தகடூர் நாட்டுக் கல்லும் இரும்பும்

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. அதனை அடுத்த கிருட்டினகிரி 2004-ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. கன்னட நாட்டின் எல்லையில் உள்ள ஓசூர் இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒளவையார் குறித்த உலைக்கூடத்தின் பழமைக்கு இந்நிலமே சான்று தருகின்றது. கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பெற்றதைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. 2025-இல் வெளிவந்த சிவகளை ஆய்வு முடிவுகள் தமிழக இரும்பின் காலத்தை இன்னும் முன்னே கொண்டு செல்கின்றன.

இந்நிலத்தின் மற்றொரு செல்வம் நடுகற்கள். காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியர் கூறிய முறைமையின் வழிவந்த இக்கற்கள், தருமபுரி, கிருட்டினகிரி, செங்கம் பகுதிகளில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்தவர் உருவங்கள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு கையில் வாள் அல்லது வில், இடைக்கச்சில் செருகிய குறுவாள், இறுக்கி முடித்த கொண்டை, காதணி, சிலவற்றில் உடலில் தைத்து நிற்கும் அம்பு ஆகியவற்றைக் காணலாம். படை வேறு, உடை வேறு, அணி வேறு எனப் பிரித்தற்கு இயலாதபடி அவ்வுருவம் அமைந்துள்ளது. கச்சு குறுவாளைத் தாங்குதற்கென இறுகியது. கொண்டை போரில் குலையாதவாறு முடிந்தது. ஈண்டு உடையின் வடிவைத் தீர்மானிப்பது ஆயுதமே. தைத்த அம்போ, பகைவன் அவ்வுடலுக்கு ஏற்றிய இறுதி அணி போலும்! அதனை மறைக்காமல் செதுக்கிய கல்தச்சன், முறிந்த வேலைப் பாடிய புலவரின் மரபினன்.

இந்நிலம் பிற்காலத்திலும் படைக்கலச் சுவடு பெற்றது. பாராமகால் எனப்பட்ட இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்து, இராயக்கோட்டை 1791-இல் ஆங்கிலேயர் வயமாக, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்க்கு உரிமையாயிற்று. அப்போரில் எதிர்நின்ற திப்பு சுல்தான் தன் வாட்பிடிகளில் புலித்தலையையும், துப்பாக்கிகளில் புலிவரியையும் பொறித்தான். அப்புலிவரியையே தன் காலாட்படையினர் சட்டையிலும் இடுவித்தான். படைக்கும் உடைக்கும் ஒரே குறி இட்டு வீரனையே அரசனின் ஆயுதமாக ஆக்கிய திறம் இது. முடமோசியார் கண்ட புலித்தோற் கவசத்தில் புலி மெய்யாகவே இருந்தது. திப்புவின் சட்டையில் புலியின் வரி மட்டுமே எஞ்சியது. பொருள் குறியாகச் சுருங்கும் வரலாற்றை இவ்விரண்டிற்கும் இடையே காணலாம். திப்புவின் வாள்களுள் ஒன்று 2023-இல் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. குறியும் போய் விலை மட்டும் எஞ்சுவது அவ்வரலாற்றின் இறுதிநிலை. காவலுடைய மனையில் நெய் பூசி வைத்த வேலுக்கும் ஏலக்கூடத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்த வாளுக்கும் வேற்றுமை சிறிதே.

ஓசூரின் கடமை

இத்தகைய நிலத்தில், சிப்காட் தொழிற்பேட்டையை உடைய ஓசூர் இன்று உலோகத்தொழிலின் நகரமாக நிற்கின்றது. சரக்குந்தும் இருசக்கர ஊர்தியும் இங்கு ஆக்கப்படுகின்றன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடி 1984-இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரமும் தனிஷ்க் நகையும் ஓசூர்த் தொழிற்கூடங்களில் உருவாகின்றன. உடைக்கலை கற்பிக்கும் தேசிய நிறுவனத்தின் கிளையொன்று, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் இயங்குகின்றது. இரும்பு, பொன், இயந்திரம், கல்வி, நடுகல் ஆகிய ஐந்தும் ஒரு நாட்பயணத்துள் அடங்கும் இடம் இது. பழம்படையினின்று புதிய உடையும் அணியும் ஆக்க விழைவார்க்கு இதனினும் வாய்ப்பான களம் அரிது.

வாய்ப்பு உள்ளவிடத்து இடரும் உண்டு. நடுகல்லின் வாளேந்திய உருவை அச்சிட்டுச் சட்டையாக்குதல் எளிது. அதனைப் பொற்பதக்கமாக வார்த்தல் இன்னும் எளிது. அங்ஙனம் செய்வது முதல் நெறியே ஆகும். அன்றியும், இக்கற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றன. ஒரு குடியின் தெய்வத்தை ஒப்பனைப்பொருளாக்குவோர், அழகிற் குறைவதோடு முறையிலும் தவறுவர்.

மாறாக, கச்சு குறுவாளைத் தாங்கிய கட்டுமுறையை ஆராய்ந்து, கருவி ஏந்தி உழைக்கும் இன்றைய தொழிலாளியின் இடைக்கு ஓர் உடை வகுப்பின், அது இரண்டாம் நெறி. தகடு வெட்டியபின் எஞ்சும் துளைத்தகட்டை எடுத்துக் கோத்து உடையாக்கின், ரபானின் குறடு ஓசூரின் உலைக்கூடத்தில் புதுப்பொருள் பெறும். அழித்தற்குரிய வடிவம் ஒன்றைக் காத்தற்குரிய பொருளாக மாற்ற வல்ல கலைஞர் தோன்றின், அவர் ஐம்படைத்தாலியின் மரபைத் தொடர்ந்தவர் ஆவார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படைக்கலத்தை உடையாக்கும் கலைக்குத் தமிழில் முன்பே ஒரு திறனாய்வு நெறி உண்டு என்பது தெளிவாம். பீலி சூட்டிய வேல், முறிந்த வேல், குழந்தை கழுத்து ஐம்படை என்னும் மூன்றும் அந்நெறியின் மூன்று படிகள். பிறநாட்டுப் புதுமைகளை நாம் வியப்பதும் இகழ்வதும் எளிது. நம் அளவுகோல் கொண்டு அவற்றை எடைபோடுதலே தமிழாய்வார்க்கு உரிய பணி.

அப்பணிக்கு முதற்படியாக இளைஞர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நடுகற்களில் காணப்படும் படை, உடை, அணி ஆகியவற்றை ஊர்தோறும் சென்று அளந்து வரைந்து, சங்க நூற்சொற்களோடு பொருத்தி ஒரு சொற்றொகுதி ஆக்குதல் வேண்டும். கச்சு எவ்வாறு கட்டப்பட்டது, குறுவாள் எப்பக்கம் செருகப்பட்டது என்பனவற்றைக் கல் அறியும். அவற்றின் பெயரை நூல் அறியும். இரண்டும் அறிந்தார் ஒருவர் எழுதித் தந்தாலன்றி, உடை வகுப்பார்க்குத் தோற்றமொன்றே எஞ்சும். ஒளவையார் தொண்டைமானின் கொட்டிலைக் கண்டபோது, அதியமானின் உலைக்கூடம் அவர் நெஞ்சில் இருந்தது. அதனாலேயே அவருக்குத் தீர்ப்புக் கூற இயன்றது. அவ்வுலைக்கூடத்தை நம் மாணவர் நெஞ்சில் வைப்பது தமிழ்த்துறைகளின் கடமையாகும்.